சாளக்கிராமம்: கருங்கல்லுக்குள் ஒரு கடல் வரலாறு

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை வழியே தேக்காவிலிருந்து வடக்கு நோக்கி நடப்பவர்க்கு, ஃபேரர் பார்க் பகுதியில் ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலின் கோபுரம் காட்சி தரும். 1855இல் நரசிம்மப் பெருமாள் கோயிலாகத் தொடங்கி, 1978இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற திருக்கோயில் அது. அதற்கு அண்மையில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில் என் அக்காள் வாழ்ந்து வருகிறார். அவ்வீட்டுப் பூசை மாடத்தில் கைக்கு அடங்கும் அளவில் ஒரு கருங்கல் உண்டு. அத்தானின் தகப்பனார் தஞ்சைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தபோது மடியில் கட்டிக் கொணர்ந்த சாளக்கிராமம் அது. அத்தான் மறைந்த பின்னர் அக்காளே நாள்தோறும் அதனை நீராட்டித் துளசி சார்த்தி வருகிறார்.

சென்ற பள்ளி விடுமுறையில் நான் அங்குச் சென்று தங்கியிருந்தேன். ஒருநாட் காலை, உயர்நிலைப் பள்ளியிற் படிக்கும் பேரன் அக்கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, “பாட்டி, இது சாமி இல்லை; பாசில். செத்துப்போன கடல் நத்தை” என்றான். அக்காள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கல் நீராட்டப்படவில்லை. மூன்றாம் நாள் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, நீ வாத்தியார். அவன் சொன்னது மெய்யா? உங்க அத்தான் நாற்பது வருசமாத் தொட்டுக் கும்பிட்டது செத்த நத்தையையா?” என்று கேட்டார்.

தோட்டப் பள்ளியில் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவரும் எனக்கு, அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. இது ஒரு வீட்டில் மட்டும் எழும் கேள்வியன்று. அறிவியல் படித்த பிள்ளையும் வழிபாட்டிற் பழகிய பாட்டியும் வாழும் வீடுகள் பலவற்றில் இன்று எழுவது. பிள்ளைகள் வாயிலாக வகுப்பறைக்கும் வந்து சேர்வது. ஆகவே அக்கல் இன்னதென மனிதர் எவ்வாறு அறிந்தனர் என்னும் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

கல் பிறந்த இடம்

சாளக்கிராமம் என்பது முதலில் ஓர் ஊர்ப்பெயர். பின்னரே கல்லின் பெயர். நேபாள நாட்டின் முஸ்தாங் பகுதியில், காளி கண்டகி ஆறு பாயும் பள்ளத்தாக்கில், 3,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் முக்திநாத் என்னும் தலம் உளது. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய சாளக்கிராமம் அதுவே என்பது மரபு. திருமங்கையாழ்வார் இத்தலத்தின்மீது ஒரு பதிகம் பாடியுள்ளார். இமயத்தின் மறுபுறத்திலுள்ள ஓர் ஆற்றங்கரையைத் தமிழ்நாட்டு ஆழ்வார் ஒருவர் பெயர் சொல்லிப் பாடினார் என்பது, அக்கல்லின் புகழ் எத்துணைத் தொன்மையானது என்பதைக் காட்டும்.

அப்பள்ளத்தாக்கின் இருமருங்கும் கரிய களிப்பாறை அடுக்கடுக்காகக் கிடக்கின்றது. ஆங்கிலத்தில் இதனை ‘ஷேல்’ என்பர். அமைதியான நீரின் அடியில் நுண்ணிய சேறு படிந்து, மேலும் மேலும் படிந்த சேற்றின் பளுவால் இறுகிக் கல்லாவதே களிப்பாறை. ஏட்டுச் சுவடியின் ஓலைகளைப் போல இது படலம் படலமாகப் பிரியும். மழைக்கும் உறைபனிக்கும் எளிதில் உதிரும்.

இச்சேற்றில் ஓர் உயிரினத்தின் உடல் புதையுமாயின், அது அழுகும்போது உண்டாகும் வேதியியல் மாற்றத்தால், சேற்றிலுள்ள சுண்ணப் பொருள்களும் இரும்புப் பொருள்களும் அதனைச் சுற்றித் திரண்டு கெட்டிப்படும். நாளடைவில் மெல்லிய பாறைக்குள் கடினமான ஓர் உருண்டை தோன்றிவிடும். பாறை உதிர்ந்த பின்னும் உருண்டை உதிராது. அதனை ஆறு உருட்டிச் செல்கிறது, வழவழப்பாக்குகிறது, கரையில் ஒதுக்குகிறது. யாத்திரிகர் அதனைக் கண்டெடுக்கின்றனர். உருண்டை பிளந்தாலோ தேய்ந்தாலோ உள்ளிருக்கும் சுருள் வெளிப்படும். சுருளின் மேலுள்ள வரம்புகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலத் தோன்றும். சில கற்களிற் காணும் பொன்னிறப் படலம், இரும்பும் கந்தகமும் கூடிய ஒரு கனிமத்தால் ஆயது.

நம் முன்னோரும் இச்சுருளுக்குக் காரணம் தேடாமல் இருந்தாரல்லர். வச்சிரகீடம் என்னும் புழு கல்லைக் குடைந்து உள்ளே சக்கரங்களை வரைகிறது என்று புராணங்கள் கூறுகின்றன. இன்றைய அறிவியல் கூறுவது இதுவன்று. எனினும் அக்கோலம் ஓர் உயிரின் தொழில் என்று அவர்கள் கருதினார்கள் என்பது கருதத்தக்கது.

பிற நாட்டார் இட்ட பெயர்கள்

இத்தகைய சுருட்கல் உலகின் பல பகுதிகளிலும் கிடைப்பது. கண்டவர் ஒவ்வொருவரும் தாம் அறிந்த பொருளோடு இதனை ஒப்பிட்டுப் பெயரிட்டனர். கி.பி. 79இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, ‘அம்மோனின் கொம்பு’ என்னும் ஒரு கல்லைக் குறிப்பிடுகின்றார். அம்மோன் என்பது எகிப்தியரின் தெய்வம். ஆட்டுக்கடாவின் கொம்புடையதாக வடிக்கப்படுவது. ஆட்டுக்கொம்பு போல் வளைந்து பொன்னிறமாக இருக்கும் அக்கல், எத்தியோப்பியாவின் மிகப் புனிதமான மணிகளுள் ஒன்று என்றும், வருவதுரைக்கும் கனவுகளைத் தரவல்லது என்றும் அவர் எழுதினார். இன்று அறிவியலார் வழங்கும் ‘அம்மோனைட்டு’ என்னும் பெயர் அக்கொம்பிலிருந்து வந்ததே. அறிவியற் பெயரின் வேரிலும் ஒரு தெய்வம் உறைகின்றது என்பதை நோக்குக.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள விட்பி நகரிலும் கரிய களிப்பாறை உண்டு. அதிலும் இச்சுருட்கல் மிகுதி. ஏழாம் நூற்றாண்டில் அங்கு மடம் நடத்திய ஹில்டா அம்மையார், ஊரிலிருந்த பாம்புகளையெல்லாம் கல்லாக்கினார் என்பது அவ்வூர்க் கதை. பாம்புக்குத் தலை வேண்டுமே! கல் விற்போர் சுருளின் முனையில் பாம்புத் தலையைச் செதுக்கி விற்றனர். பிற்காலத்து அறிஞர் அப்பாறையில் கிடைத்த ஓர் இனத்துக்கு ‘ஹில்டோசெராஸ்’ என்று அம்மையாரின் பெயரையே சூட்டினர்.

கண்டகிக் கரையில் சக்கரம், எகிப்தில் கொம்பு, விட்பியில் பாம்பு எனப் பொருள் ஒன்றாயினும் பெயர் மூன்றாயிற்று. நம்பிக்கையுடையோர் எல்லா நாட்டிலும் இருந்தனர் என்பதையும், நம் முன்னோர் மட்டும் அறியாமையில் உழன்றாரல்லர் என்பதையும் இளைஞர்க்கு எடுத்துக்காட்ட இவை போதும்.

உயிரா, வெறுங்கல்லா?

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இதுபற்றிப் பெருவிவாதம் எழுந்தது. இராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட தம் நூலில், இச்சுருட்கற்கள் ஒருகாலத்தில் உயிர் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகளே என்று எழுதினார். மார்ட்டின் லிஸ்டர் 1671இல் இதனை மறுத்தார். சிப்பிகளையும் நத்தைகளையும் நுணுகி ஆராய்ந்தவர் அவர். இக்கல் எந்த உயிரினத்தோடும் சரியாக ஒத்துவரவில்லையே என்பது அவர் ஐயம். இவை மண்ணிலேயே தோன்றிய கற்கள் என்றார். அவர் முடிவு தவறு. ஆயினும் அவர் கண்ட வேறுபாடு மெய். அவ்வுயிரினம் இன்று உலகில் இல்லை. ஆதலின் ஒப்பிடப் பொருள் கிடைக்கவில்லை. ஓர் இனம் அடியோடு அற்றுப்போதல் கூடும் என்பதையே அக்காலத்தவர் பலர் ஏற்கவில்லை. ஹூக் அதையும் துணிந்து கூறினார். அவர் மறைவுக்குப் பின் 1705இல் வெளிவந்த சொற்பொழிவுகளில் அக்கருத்து இடம்பெற்றது.

அதே 1705ஆம் ஆண்டில் மற்றொரு நூல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. மலாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த அம்போன் தீவில் வாழ்ந்து, கண்பார்வை இழந்த பின்னும் ஆராய்ச்சியைக் கைவிடாத ரம்பியஸ் என்பார் எழுதியது அது. நாட்டிலசு என்னும் கடற்பிராணியின் ஓட்டை மட்டுமன்றி, அதனுள் வாழும் உடலையும் அந்நூல் படத்துடன் விளக்கியது. 1832இல் இரிச்சர்ட் ஓவன் அப்பிராணியை அறுத்து ஆராய்ந்து விரிவாக எழுதினார். சுருட்கல்லுக்கு உயிருள்ள உறவினம் ஒன்று நம் தென்கிழக்காசியக் கடல்களிலேயே இருந்தது.

நத்தை அன்று

இங்கே பேரன் சொன்ன சொல்லை ஆராய வேண்டும். அம்மோனைட்டு நத்தை அன்று என்பதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, சுருளின் அமைப்பு. நத்தையோடு கோபுரம் போல ஒரு பக்கமாக எழும்பிச் சுருளும். அம்மோனைட்டுகளுட் பெரும்பாலானவை, தரையில் சுருட்டி வைத்த கயிறு போல ஒரே தளத்தில் சுருள்பவை. இரண்டாவது, அறைகள். நத்தையோட்டின் உட்புறம் தடுப்பில்லாத ஒரே குழல். அம்மோனைட்டின் ஓடோ குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகப் பகுக்கப்பட்டது. கடைசி அறையில் மட்டுமே பிராணி வாழும். பின்னறைகள் அது நீரில் மிதப்பதற்கு உதவும். மூன்றாவது, அறைகளை ஊடுருவிச் செல்லும் ஒரு நுண்குழாய். இது நத்தைக்கு இல்லை.

அறைகளும் குழாயும் நாட்டிலசுக்கும் உண்டு. எனினும் அம்மோனைட்டு நாட்டிலசும் அன்று. நாட்டிலசின் குழாய் அறைகளின் நடுவே செல்லும். அம்மோனைட்டின் குழாய் சுருளின் வெளிவிளிம்பை ஒட்டிச் செல்லும். நாட்டிலசின் அறைச்சுவர் ஓட்டைத் தொடும் கோடு எளிய வளைவு. அம்மோனைட்டிலோ அது இலைவிளிம்பு போல நெளிந்து நெளிந்து செல்லும். அக்கோட்டின் நெளிவைக் கொண்டே இனம் பிரிக்கின்றனர்.

ஆகவே இது கணவாய்க்கும் நாட்டிலசுக்கும் உறவான, தனியொரு குலம். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, உலகக் கடல்களெங்கும் பரவி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்த பேரழிவில் முற்றும் மறைந்தது.

கல்லின்மேல் இரு பெயர்

இனிச் சாளக்கிராமத்துக்கு வருவோம். புதுச்சேரியிற் சில காலம் தங்கியிருந்த பிரெஞ்சுப் பயணி சொன்னரா, 1782இல் வெளிவந்த தம் நூலில், சாளக்கிராமம் என்பது கல்லாகிப்போன அம்மோன் கொம்புச் சிப்பியே என்று எழுதினார். கல் பொதுவாக இன்னதென்பது இவ்வாறு விளங்கிற்று. குறிப்பிட்ட இனங்களுக்குப் பெயர் பின்னர் வந்தது. பிரிட்டிஷ் அரும்பொருளகத்தைச் சேர்ந்த ஜான் எட்வர்ட் கிரே, 1830களின் தொடக்கத்தில் இமயமலை அம்மோனைட்டுகள் சிலவற்றுக்குப் பெயரிட்டார். அவற்றுள் ஒன்றுக்கு நதானியல் வாலிச் என்பாரின் பெயர் அமைந்தது.

இப்பெயர் சிங்கப்பூர் வாசகர்க்கு அயலானதன்று. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த வாலிச், 1820-21இல் நேபாளத்தில் ஆராய்ச்சிப் பயணம் செய்தவர். 1822இல் சிங்கப்பூருக்கு வந்தார். இராபிள்ஸின் விருப்பப்படி, இன்று கேனிங் கோட்டைக் குன்று எனப்படும் இடத்தில் இத்தீவின் முதல் தாவரத் தோட்டம் அவர் முயற்சியால் அமைந்தது. அக்குன்றுக்கு ஃபேரர் பார்க்கிலிருந்து நடந்தே போய்விடலாம்.

அவ்வினத்தின் இன்றைய முழுப்பெயர் ‘பிளான்ஃபோர்டிசெராஸ் வாலிச்சி’. கண்டகிப் பள்ளத்தாக்கின் உருண்டைக் கற்களில் நிரம்பக் கிடைப்பனவற்றுள் இதுவும் ஒன்று. வயது ஏறத்தாழ 14½ கோடி முதல் 15 கோடி ஆண்டு. பெயரின் முற்பகுதி பிளான்ஃபோர்டு என்னும் குடிப்பெயரைத் தாங்குவது. அப்பெயருடைய ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் மருத்துவர் ஜெரார்டு என்பார் திரட்டிய அம்மோனைட்டுகளை ஆராய்ந்து எழுதியவர். அந்தப் பாறைக்கு ‘ஸ்பிட்டிக் களிப்பாறை’ என்னும் பெயரை 1866இல் இட்டவர் ஃபெர்டினாண்டு ஸ்டொலிச்கா. காளி கண்டகியின் கரும்பாறையும் அத்தொடரைச் சேர்ந்ததே.

இமயத்தின் உச்சியில் கடற்பிராணி எப்படி வந்தது என்னும் ஐயம் எழுதல் இயல்பு. இந்திய நிலப்பகுதிக்கும் ஆசியாவுக்கும் இடையே அக்காலத்தில் ஒரு பெருங்கடல் இருந்தது. 1893இல் எடுவர்ட் சூயெஸ் அதற்கு ‘டெத்திஸ்’ எனப் பெயரிட்டார். அதன் அடிச்சேறே கண்டகியின் களிப்பாறை. இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோத, இடையிலிருந்த கடலடி மடிந்து மலையாக உயர்ந்தது. சாளக்கிராமத்துள் உறங்கும் உயிர் நீந்திய நாளில் இமயமலை இல்லை.

நம் மண்ணிலும் உண்டு

பிளான்ஃபோர்டும் ஸ்டொலிச்காவும் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையோர் என்பதைப் பலர் அறியார். அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்து அரியலூர்ப் பகுதியிலும் புதுச்சேரியை அடுத்தும் கடலுயிர்ப் படிவங்கள் செறிந்து கிடப்பதை, 1840இல் கேய், கன்லிஃப் என்னும் இரு ஆங்கில அலுவலர் கண்டு திரட்டி அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் அளவைத் துறையினரான ஹென்றி பிளான்ஃபோர்டு, 1857 முதல் 1860 வரை அப்பகுதியை அளந்து 1862இல் அறிக்கை தந்தார். பருவமழைக் கணிப்பைப் பயில்வோர், இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராக 1875இல் அமர்ந்தவர் என்று அறிவது இவரையே. அரியலூர்ப் படிவங்களை நான்கு தொகுதிகளில் விளக்கி, 1873இல் அப்பணியை முடித்தவர் ஸ்டொலிச்கா. அடுத்த ஆண்டே இமயப் பயணத்தில் 36ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அரியலூருக்கு அருகிலுள்ள காரை என்னும் ஊரில் மழைநீர் அரித்த களிப்பாறை மேடுகளில் அம்மோனைட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. இவற்றின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு, சாளக்கிராமத்தினும் இளையவை. ஆழ்வார் இமயத்திற் பாடிய கல்லின் குலத்தார், அவர் பிறந்த சோழநாட்டு மண்ணிலும் புதைந்திருந்தனர்.

அங்கு 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்த ஒன்று ஆசிரியர்கள் அறிய வேண்டுவது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையைத் தூர்வாரியபோது, முட்டை வடிவான பெரிய உருண்டைகள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்னும் செய்தி கைப்பேசிகள் வழியே நாடெங்கும் பரவிற்று. நிலவியல் அறிஞர் ஆராய்ந்து, அவை முட்டைகள் அல்ல. அம்மோனைட்டுகள் வாழ்ந்த பழங்கடலின் படிவுகளில் திரண்ட உருண்டைக் கற்கள் என்று தெளிவுறுத்தினர். சாளக்கிராமத்தின் புறவடிவத்தை ஆக்கிய அதே இயற்கைச் செயலே இங்கும் நிகழ்ந்தது. பழங்காலத்தார் அம்மோன் கொம்பு என்றும் பாம்பு என்றும் மயங்கியதை எள்ளும் நாம், அறிவியல் கற்ற பின்னும் முட்டை என்று மயங்கினோம். கண்டவுடன் பெயர் சொல்லும் ஆசை எக்காலத்துக்கும் பொது. பொறுத்திருந்து அறுத்துப் பார்த்தும் ஒப்பிட்டும் சொல்வதே ஆராய்ச்சி.

என் விடை

நான்காம் நாள் அக்காளையும் பேரனையும் ஒருங்கே இருத்தி, மேற்கூறியவற்றைச் சொன்னேன். “அக்கா, பேரன் சொன்னதில் பாதி மெய், பாதி பிழை. அதற்குள்ளே ஓர் உயிர் இருந்தது மெய். அது நத்தை என்பது பிழை. அந்த உயிர் 15 கோடி ஆண்டுக்கு முன்னே கடலில் நீந்தியது. அந்தக் கடல்தான் பிறகு இமயமலையாயிற்று. அத்தான் கும்பிட்டது அந்த உயிரையா, அதில் அவர் கண்ட பெருமாளையா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். அதற்குக் கல்லை அறுத்துப் பார்த்து விடை சொல்ல முடியாது” என்றேன்.

பேரனிடம், “தம்பி, தெரிந்ததைச் சொன்னது குற்றமில்லை. முழுதும் தெரியுமுன் சொன்னதும், பாட்டியின் மனம் அறியாமல் சொன்னதுமே குற்றம்” என்றேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.

நம் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய கேள்வி வகுப்பில் எழும்போது, “அது சாமி விஷயம், பேசாதே” என்று வாயடைப்பதும் தகாது. “எல்லாம் மூடநம்பிக்கை” என்று நகைப்பதும் தகாது. முன்னது அறிவைத் தடுக்கும். பின்னது வீட்டையும் பள்ளியையும் பிரிக்கும். கல்லின் வரலாற்றை முழுதும் சொல்லுங்கள். ஆழ்வார் பாடியதும் அதில் உண்டு. பிளான்ஃபோர்டு அளந்ததும் உண்டு.

மறுநாட் காலை அக்காள் கல்லை நீராட்டினார். துளசி சார்த்துமுன், “இந்தா, பார்த்துக்கொள்” என்று பேரனிடம் நீட்டினார். அவன் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் சுருளின் வரம்புகளை எண்ணத் தொடங்கினான். அன்று மாலை, அதன் இன்றைய உறவினத்தைக் காட்டுவதற்காக அவனைத் தேக்காச் சந்தையின் மீன்கடைக்கு அழைத்துச் சென்று, கணவாயைக் காட்டினேன். வாங்கவில்லை, அக்காள் வீட்டில் மீன் புழங்குவதில்லை. பார்த்துவிட்டு மட்டும் திரும்பினோம்.